பிளானை மாற்றும் முன்

சென்னை,
சனிக்கிழமை இரவு

அன்புள்ள அத்தைக்கு,

மாமாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? எண்ணெய் போட்டுக்கொண்டே படி ஏறி இறங்கினால் வலி எப்படிப் போகும் என்று நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.

ஆன்லைன் வகுப்பில் குரல் வெட்டுவதற்கு என்ன செய்வது என்று போனில் சொன்னால் பாதி மறந்துபோகிறது, வரிசையாக எழுதி அனுப்பு என்றீர்கள். எழுதுகிறேன். ஆனால் அதற்கு முன் ஒரு வேண்டுகோள்: 300 எம்பிபிஎஸ் பிளானுக்கு இப்போது பணம் கட்டிவிடாதீர்கள். கேபிள்காரர் நல்ல மனிதர்தான், ஆனாலும் பிளான் உயர்ந்தால் அவருக்கும் நாலு காசு. இப்போது காசு கட்டுகிற 100 எம்பிபிஎஸ் முழுதாக வீட்டுக்கு வருகிறதா, வந்தது உங்கள் லேப்டாப்புக்குப் போய்ச் சேருகிறதா என்று இதுவரை யாரும் பார்க்கவில்லை. அதைப் பார்க்காமல் 300 வாங்கினால், அதுவும் அதே இடத்தில்தான் அடைபட்டு நிற்கும்.

சின்னவள் "நூறு என்று காசு வாங்கிக்கொண்டு பன்னிரண்டுதான் தருகிறார்கள்" என்று கேபிள்காரரிடம் சண்டைக்குப் போனாளாமே. அவளிடம் சொல்லுங்கள், அது ஏமாற்று இல்லை, வகுத்தல். இணைய வேகத்தை பிட்டில் சொல்வார்கள், டவுன்லோடு ஆகும்போது திரையில் காட்டுவது பைட்டில். எட்டு பிட் ஒரு பைட். 100ஐ எட்டால் வகுத்தால் 12.5. கணக்கு டீச்சர் வீட்டிலேயே இப்படி ஒரு சண்டை!

உங்கள் வகுப்புக்கு எவ்வளவு வேண்டும் தெரியுமா? வீடியோவோடு பாடம் எடுக்க, போகவும் வரவும் மூன்று நான்கு எம்பிபிஎஸ் இருந்தால் தாராளம். மாமா டிவியில் நல்ல தெளிவில் படம் பார்க்க ஐந்து முதல் எட்டு வரை போதும். பெரியவன் வீட்டுக்கு வந்து ஆபீஸ் மீட்டிங்கில் உட்கார்ந்தாலும் எல்லாம் சேர்ந்து 25ஐத் தொடாது. ஆகவே சாயங்கால வகுப்பில் உங்கள் குரல் வெட்டுவதற்கு 100 போதாதது காரணம் இல்லை. வழியில் எங்கோ சிக்குகிறது. அந்த இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் வேலை.

வழி என்று எடுத்துக்கொண்டால், கேபிள்காரர் ஆபீஸிலிருந்து உங்கள் வீட்டு ரூட்டர் பெட்டிவரை ஃபைபர் ஒரு பகுதி. பெட்டியிலிருந்து லேப்டாப்வரை காற்று இன்னொரு பகுதி. முதலில் இந்த இரண்டையும் பிரித்துவிட வேண்டும். அதற்கு லேப்டாப்பைப் பெட்டி இருக்கும் ரேழிக்குத் தூக்கிக்கொண்டு போய், பெட்டியோடு வந்த லேன் வயரால் இரண்டையும் நேரே இணையுங்கள். உங்களுடையது பழைய லேப்டாப் என்பதால் லேன் துளை பக்கவாட்டிலேயே இருக்கும். லேப்டாப்பில் வைஃபையை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் எதன் வழியாகப் போகிறது என்று நமக்கே தெரியாது. பிறகு ஃபாஸ்ட் டாட் காம் என்ற தளத்தைத் திறந்தால் அதுவே அளந்து காட்டும். காலையில் ஒரு தடவை, வகுப்பு நடக்கும் நேரத்தில் ஒரு தடவை. அப்லோடு வேகத்தையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பாடம் எடுப்பவர் நீங்கள். உங்கள் முகமும் குரலும் போவது அப்லோடில்தான்.

வயரில் 90க்கு மேல் வந்தால் ஃபைபர் பக்கம் குற்றமில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். சரியாக 94, 95 என்று ஒவ்வொரு தடவையும் வந்து நின்றால் அதற்கு இன்னொரு அர்த்தமும் உண்டு. சில பெட்டிகளிலும் பழைய லேப்டாப்களிலும் லேன் துளையின் உச்சமே 100தான், அதில் கைக்குக் கிடைப்பது 94, 95. லேன் வயருக்குள் எட்டு இழைகள். அவற்றில் ஒன்று அறுந்தாலும் பல சமயம் வேகம் 1000த்திலிருந்து 100க்கு இறங்கிவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. அப்படிப்பட்ட வயரிலோ துளையிலோ நீங்கள் 300 பிளான் போட்டாலும் 94தான் பார்ப்பீர்கள்.

வயரிலேயே குறைவாக வந்தால் விஷயம் கேபிள்காரர் பக்கம். காலையில் நன்றாக இருந்து இரவு எட்டு மணிக்கு மேல் விழுந்தால் அது நெரிசல். ஊரில் பரவலாக இருக்கும் முறையில் ஒரு ஃபைபர் 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிந்து போகிறது, அத்தனை வீட்டுக்கும் சேர்த்து இறங்கும் வழியில் 2.5 ஜிபிபிஎஸ். அதற்கும் மேலே அவர் மொத்தமாக வாங்கி வைத்திருக்கும் அளவு வேறு இருக்கிறது. மாதக் கடைசியில் மட்டும் விழுந்தால், பிளானில் சொன்ன ஜிபி தீர்ந்து வேகத்தைக் குறைத்துவிட்டார்களா என்று ஆப்பில் பாருங்கள். நாள் முழுக்கவே குறைவு, அடிக்கடி விட்டுவிட்டு வருகிறது என்றால் ஃபைபர் எங்கோ மடிந்திருக்கலாம். மெல்லிய மஞ்சள் வயரை பீரோவுக்குப் பின்னால் நெருக்கி மடித்தால் உள்ளே ஒளி கசிந்து குறையும். பெட்டிக்குள் வரும் ஒளியின் அளவை அவர் ஆபீஸிலிருந்தே பார்க்க முடியும். "ஆப்டிகல் பவர் எவ்வளவு?" என்று கேளுங்கள். மைனஸ் 15லிருந்து 25க்குள் சொன்னால் கவலையில்லை. மைனஸ் 27ஐத் தாண்டினால் ஆள் அனுப்பச் சொல்லுங்கள். இந்தக் கேள்வியைக் கேட்ட மாத்திரத்தில் அவர் உங்களிடம் பேசும் விதமே மாறும். பெட்டியில் எல்ஓஎஸ் என்ற இடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால் ஒளியே வரவில்லை என்று பொருள், அதற்கு வீட்டில் நாம் செய்ய ஒன்றுமில்லை. ஒன்று மட்டும்: அந்த ஃபைபரைக் கழற்றி நுனியைக் கண்ணருகே வைத்து யாரும் பார்க்க வேண்டாம். உள்ளே வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர். முக்கியமாக மாமா பார்க்க வேண்டாம்.

எனக்குச் சந்தேகமெல்லாம் காற்றின் மேல்தான். உங்கள் வீடு அப்படி. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், சமையற்கட்டு, அதற்கும் பின்னால் பழைய நெல் அறை என்று மாயவரத்து வீடு ஒரே நீளம். வயர் தெருப்பக்கமிருந்து வருகிறது என்பதால் வந்தவர்கள் ரேழியிலேயே, மீட்டர் போர்டுக்கு மேலே பெட்டியை அடித்து மாட்டிவிட்டுப் போய்விட்டார்கள். அவர்களுக்கு அது சௌகரியம். நீங்கள் பாடம் எடுப்பதோ நெல் அறையில். நடுவில் அந்தக் காலத்துக் கனத்த சுவர்கள். கூடத்தில் இரண்டு இரும்பு பீரோ, ஒன்றில் ஆளுயரக் கண்ணாடி. வைஃபை அலை இரும்பைத் தாண்டாது, கண்ணாடிக்குப் பின்னால் பூசிய ரசமும் உலோகம்தான். தண்ணீர் அலையை உறிஞ்சும், அதனால் சமையற்கட்டுத் தொட்டியும் கணக்கில் உண்டு.

மாமாவின் ஆண்ட்ராய்டு போனில் வைஃபை அனலைசர் என்று தேடினால் இலவச ஆப்புகள் கிடைக்கும். அதைத் திறந்து வைத்துக்கொண்டு ரேழியிலிருந்து கொல்லைவரை மெதுவாக நடந்து பாருங்கள். அலையின் பலம் மைனஸ் எண்ணில் தெரியும். பெட்டிக்குப் பக்கத்தில் மைனஸ் 40, 45 என்று இருக்கும். வீடியோ வகுப்புக்கு மைனஸ் 67க்குக் கீழே போகாமல் இருப்பது நல்லது, 80க்குப் போனால் இணைப்பு இருப்பதுபோல் காட்டும், வேலை நடக்காது. இது மடக்கைக் கணக்கு என்பதால் உங்களுக்கு நான் சொல்லவே வேண்டாம்: பத்து குறைந்தால் பத்தில் ஒரு பங்கு. கூடத்தில் மைனஸ் 50 இருந்து நெல் அறையில் மைனஸ் 80 என்றால், அங்கே வந்து சேருவது ஆயிரத்தில் ஒரு பங்கு. பிள்ளைகளுக்கு மடக்கை நடத்தும்போது இதையே உதாரணமாகக் கொடுக்கலாம்.

பெட்டி இரண்டு வைஃபை கொடுக்கும், 2.4 கிகாஹெர்ட்ஸ் ஒன்று, 5 கிகாஹெர்ட்ஸ் ஒன்று. ஐந்து வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டுவதில் சோனி. இரண்டு புள்ளி நாலு கொல்லைவரை போகும், ஆனால் தெருவே அதில்தான் இருக்கிறது. உங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு சுவர் ஒட்டியது. வலப்பக்கம், இடப்பக்கம், எதிர்ச்சாரி எல்லாருடைய ரூட்டரும் உங்கள் நெல் அறையில் தெரியும். அதே ஆப்பில் யார் எந்தச் சேனலில் இருக்கிறார்கள் என்றும் பார்க்கலாம். 2.4இல் சேனல்கள் ஐந்து மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் இருக்கின்றன, ஒவ்வொரு ரூட்டரும் பிடிப்பதோ இருபது. அதனால் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் இருப்பவை 1, 6, 11 மட்டும்தான். எல்லாரும் 6இல் இருக்கிறார்களே என்று புத்திசாலித்தனமாக 4இல் போய் உட்காராதீர்கள். ஒரே சேனலில் இருக்கும் ரூட்டர்கள் ஒன்றுக்கொன்று காத்திருந்து முறை வைத்துப் பேசும். பாதி ஏறி நிற்கும் சேனலில் இருந்தால் இருவருக்குமே அது வெறும் இரைச்சல். மூன்றில் கூட்டம் குறைந்ததைத் தேர்ந்தெடுங்கள். செட்டிங்கில் 40 மெகாஹெர்ட்ஸ் என்று இருந்தால் 20 ஆக்கிவிடுங்கள். எண் குறைகிறதே என்று பயப்பட வேண்டாம், நெருக்கமான தெருவில் அதுதான் நிலைத்து நிற்கும். மைக்ரோவேவ் அடுப்பும் இதே 2.4 பக்கத்தில்தான் வேலை செய்கிறது. வகுப்பு நேரத்தில் பால் சூடு பண்ண வேண்டுமானால் கேஸ் அடுப்பிலேயே பண்ணட்டும்.

ரேழியில் வைத்துப் பார்த்தும் உங்கள் லேப்டாப்பில் 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் தெரியவே இல்லை என்றால், பெரும்பாலும் அதற்கு 2.4 மட்டும்தான் தெரியும் என்று பொருள். பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தாலும் அப்படிப்பட்ட பழைய லேப்டாப் பலவற்றில் இணைப்பின் உச்சம் 72 எம்பிபிஎஸ், நடைமுறையில் அதில் பாதிக்குச் சற்று மேல். வகுப்புக்கு அது போதும். பிளானைக் குற்றம் சொல்வதில் மட்டும் அர்த்தமில்லை.

சரி, என்ன செய்வது? பெட்டியை ரேழியிலிருந்து கூடத்துக்கு, முற்றம் பார்த்த சுவரில் ஆள் உயரத்துக்கு மேல் மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம். ஃபைபரை நீட்ட வேண்டும், கேபிள்காரர் வந்து செய்ய வேண்டிய வேலை. முற்றம் திறந்த வெளி என்பதால் அலை அந்தப் பக்கம் தடையில்லாமல் போகும். பாதி வீடு இதிலேயே சரியாகிவிடும்.

கடையில் கேட்டால் ரிப்பீட்டர் வாங்கச் சொல்வார்கள். எனக்கு அதில் மனசில்லை. விலை குறைந்த ரிப்பீட்டர் வாங்கியதையே அதே காற்றில் திருப்பி அனுப்புகிறது. ஒரே சேதி இரண்டு தடவை போவதால் வேகம் ஏறக்குறைய பாதியாகும். அதைவிடப் பெரிய கோளாறு, சிக்னல் இல்லாத அறையில் கொண்டுபோய் அதை மாட்டுவது. அங்கே வருவதே தேய்ந்த சிக்னல், அதைத்தான் அது பெருக்கித் தரும். மாட்டுவதானால் பாதி வழியில் மாட்ட வேண்டும். விலை கூடிய மெஷ் செட்டும் வயர் இல்லாமல் வைத்தால் இதே கனத்த சுவரோடுதான் மல்லுக்கட்ட வேண்டும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் ரேழியிலிருந்து நெல் அறைக்கு ஒரு லேன் வயர் இழுத்துவிடுவேன். கேட்-6 என்று கேட்டு வாங்குங்கள். 100 மீட்டர்வரை வேகம் குறையாது, உங்கள் வீடு எவ்வளவு நீளமென்றாலும் அதற்குள்தான். செம்பு வயராக இருக்க வேண்டும். அலுமினியத்தில் செம்பு பூசியது விலை மலிவாகக் கிடைக்கும், வேண்டாம். கரண்ட் வயரோடு ஒட்டி ஒரே பைப்பில் போட விடாதீர்கள், தனி பிவிசி பைப். எலியும் அணிலும் கடிக்காமல் இருக்கவும் பைப் அவசியம். அந்த வயரை நேரே லேப்டாப்பில் செருகிவிட்டால் வகுப்பைப் பொறுத்தவரை வைஃபை என்ற பேச்சே முடிந்தது. பின்கட்டில் போனுக்கும் வைஃபை வேண்டுமென்றால், பரணில் கிடக்கும் பழைய ரூட்டரையே அந்த வயரின் மறுமுனையில் மாட்டலாம். வேன் என்று எழுதிய துளையில் செருகக்கூடாது, லேன் துளையில். அதற்குள் டிஹெச்சிபி என்பதை அணைத்து, அதன் முகவரியை முன்பெட்டி பயன்படுத்தாத ஒன்றாக மாற்றி, சேனலை முன்பெட்டியிலிருந்து வேறாக வைக்க வேண்டும். இதை நீங்கள் செய்ய வேண்டாம், பொங்கலுக்கு வரும்போது நானே செய்து தருகிறேன். வயரை மட்டும் எலக்ட்ரீஷியனிடம் சொல்லி இழுத்து வையுங்கள்.

இனி வீட்டு ஆட்கள். இதைச் சொன்னால் வருத்தப்படுவார்கள், ஆனாலும் சொல்கிறேன். காற்றில் ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். தூரத்தில் பலவீனமான சிக்னலில் இருக்கும் போன் மெதுவாகத்தான் பேசும், அதே சேதிக்கு அதிக நேரம் எடுத்துக்கொள்ளும், அதுவரை மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். சின்னவள் காலேஜிலிருந்து வந்து கிணற்றடியில் உட்கார்ந்தவுடன் அவள் போன் அன்றைக்கு எடுத்த வீடியோவையெல்லாம் தானாக பேக்கப் அனுப்ப ஆரம்பிக்கிறது. உங்கள் வகுப்பும் அப்போதுதான் தொடங்குகிறது. வாசல் கேமரா ஒன்று நாள் முழுக்கப் படத்தை மேலே அனுப்பிக்கொண்டிருக்கிறது. மளிகைக்கடையில் கல்யாணச் சாமான் பட்டியலோடு நிற்பவருக்குப் பின்னால், ஒரு தீப்பெட்டி வாங்க வந்தவர் நிற்பதுபோல், உங்கள் குரலின் சின்னச் சின்னப் பொட்டலங்கள் அந்தப் பெரிய வீடியோவுக்குப் பின்னால் நிற்கின்றன. அரை நொடி தாமதித்து வந்த குரலால் வகுப்புக்கு உபயோகமில்லை, அதனால் அது வெட்டுப்படுகிறது. வேக அளவு தளங்களில் இந்தத் தாமதம் பளிச்சென்று தெரியாது. அவை சில நொடிகளில் எவ்வளவு அள்ள முடிகிறது என்றுதான் முக்கியமாகக் காட்டும்.

இதைப் பிடிக்க ஒரு பழைய வழி உண்டு, உங்களுக்குப் பிடிக்கும். லேப்டாப்பில் ஸ்டார்ட்டில் சிஎம்டி என்று அடித்தால் கருப்பு ஜன்னல் ஒன்று திறக்கும். அதில் பிங் என்று ஆங்கிலத்தில் அடித்து, இடம்விட்டு 192.168.1.1 என்ற எண், மறுபடி இடம்விட்டு ஒரு சிறு கோடும் டி எழுத்தும். எண்டர் தட்டினால் உங்கள் பெட்டிக்கு ஒரு குரல் கொடுத்து, பதில் வர எத்தனை மில்லி நொடி ஆனது என்று வரிவரியாகக் காட்டிக்கொண்டே இருக்கும். சில பெட்டிகளின் எண் வேறாக இருக்கும், பெட்டிக்கு அடியில் ஒட்டியிருக்கும். இன்னொரு கருப்பு ஜன்னல் திறந்து அதில் 8.8.8.8 என்ற எண்ணுக்கு இதேபோல். அது கூகுளின் பொதுச் சர்வர், வெளியுலகத்துக்கு அடையாளமாக வைத்துக்கொள்கிறோம். இரண்டையும் ஓடவிட்டு நெல் அறையில் வகுப்பை நடத்துங்கள். நிறுத்துவதற்கு கன்ட்ரோலும் சியும்.

குரல் வெட்டும் நேரத்தில் முதல் ஜன்னலிலேயே 3, 5 என்று இருந்த எண் 300, 500 என்று குதித்தால் சிக்கல் வீட்டுக்குள், காற்றில். முதல் ஜன்னல் அமைதியாக இருந்து இரண்டாவது மட்டும் குதித்தால் பெட்டிக்கு அப்பால், அல்லது அப்லோடு நிரம்பிவிட்டது. அப்போது சின்னவள் போனில் வைஃபையை அணைக்கச் சொல்லிப் பாருங்கள். எண் சட்டென்று இறங்கினால் காரணம் தெரிந்துவிட்டது. பேக்கப்பை இரவில் சார்ஜில் போடும்போது மட்டும் ஓடும்படி மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். மாமாவின் சீரியலை யாரும் நிறுத்த வேண்டாம். டிவி ரேழிக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது, அதற்கு ஒரு குட்டி லேன் வயர் கொடுத்துவிட்டால் காற்றில் ஒரு ஆள் குறையும்.

மற்றவை சில்லறை. வேகம் கூட்டும் ஆப் எதையும் போடாதீர்கள், விளம்பரம்தான் வரும். ஆன்டெனாவில் அலுமினியத் தாள் சுற்றும் வீடியோவை மாமா எனக்கும் அனுப்பியிருந்தார், அதுவும் வேண்டாம். டிஎன்எஸ் மாற்றினால் தளங்கள் திறக்கத் தொடங்குவது கொஞ்சம் சுறுசுறுப்பாகலாம், வகுப்புக்கு அதனால் லாபமில்லை. பெட்டியை அணைத்துப் போட்டால் கொஞ்ச நேரம் சரியாகி மறுபடி கெடுகிறதென்றால் சூட்டையும் அடாப்டரையும் சந்தேகப்படுங்கள். மேலே மூடியிருக்கும் அந்தப் பூ வைத்த துணியை எடுத்துவிடுங்கள். வைஃபை பாஸ்வேர்டைத் தெருப் பிள்ளைகள் பாதிப் பேருக்கு உங்கள் வீட்டார்தான் கொடுத்திருக்கிறார்கள் என்று கேள்வி. அதை மட்டும் இன்றைக்கே மாற்றிவிடலாம்.

எனக்கு நான்கு விஷயம் எழுதி அனுப்புங்கள்: வயரில் காலையிலும் சாயங்காலமும் வந்த வேகம், நெல் அறையில் அலையின் மைனஸ் எண், குரல் வெட்டிய நேரத்தில் இரண்டு ஜன்னலிலும் இருந்த எண்கள், கேபிள்காரர் சொன்ன ஆப்டிகல் பவர். இதை வைத்து ரூட்டரா, வயரா, அவர் பக்கமா என்று நான் சொல்லிவிடுவேன். அதுவரை 100 பிளானே ஓடட்டும், பணத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகள்